தையல் மிஷின் படத்தின் கடைசி ரீல்

சரளா வேலைக்குப் போகத் தொடங்கிய முப்பத்தெட்டு வருடத்தில் முழுசாக ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்தது இந்தப் புரட்டாசியில்தான். கேட்டு வாங்கிய லீவு இல்லை. ஜெலாப்பாங்கில் அவள் வேலை செய்யும் கையுறை ஃபேக்டரியில், ஷிப்டு முடிகிற நேரத்தில், கழுவிவிட்ட தரையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முப்பது நாள் எம்சி லீவு எழுதிக் கொடுத்தார்கள்.

"இவ்ளோ நாள் என்னாம்மா செய்யறது?" என்று தாளை நீட்டிய நர்ஸைக் கேட்டாள்.

"சும்மா இருங்க ஆன்ட்டி."

சும்மா இருப்பது எப்படி என்று சரளாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஐம்பத்து நான்கு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகள் தினேஸ்வரிக்குக் கோலாலம்பூரில் வேலை. சரளாவின் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றது. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கோயில் உபயக்காரர் பட்டியலை அவள்தான் எழுத வேண்டும் என்று இன்றைக்கும் தேடி வருவார்கள். காலையில் பெருமாள் படத்துக்கு விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒருவரையும் கடிந்து பேச மாட்டாள். ஃபேக்டரியில் யாராவது அவளிடம் வந்து, "நான் வந்தேன்னு சொல்லுக்கா" என்று பொய்ச்சாட்சிக்குக் கூப்பிட்டால், "எனக்கு அது வராதுடா" என்று சிரித்து அனுப்பிவிடுவாள். அப்படி ஒரு பேர் அவளுக்கு.

விழுந்த மூன்றாம் நாள் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து அக்கா கலாதேவி போன் பண்ணினாள்.

"என்னாடி சாப்பிடறே?"

"பக்கத்து வீட்டு சீனி அண்ணே சம்சாரம் கொண்டாந்து குடுக்குதுக்கா. புரட்டாசிதானே, சாம்பாரு, ரசம். மாமா எப்படி இருக்காரு?"

"எப்படி இருப்பாரு? அப்படியேதான். வாதத்துல போன இடது கையி இன்னும் வரல. வாய் மட்டும் நல்லா வருது." அக்கா சிரித்தாள். "சரளா, ஒன்னு கேக்கவா? தையல் மிஷின் படம் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா?"

"இப்பதான் எல்லாப் பழைய படமும் போன்லயே வருதாம்ல. தேடிப் பாரேன். நான் பாக்காத படம். நீ சொல்லிக் கேட்டதுதான். புரட்டாசி கடைசி சனிக்கு வாரேன். மவன் பவித்ரனை அப்பாகிட்ட இருக்கச் சொல்லிட்டு வாரேன். ரெண்டு பேரும் ஒக்காந்து பாப்போம். அந்த முடிவை ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

அக்கா வாழ்நாளில் தங்கையிடம் கேட்ட முதல் பொருள் அது. தேடிக் கொடுத்தே தீர்வது என்று சரளா பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு ரிங்கிட்டை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள்.

இந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

அவர்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். படத்தின் நிஜப் பெயரை யாரும் சொல்வதில்லை. கிணற்றுப் படம், குருட்டு அக்கா படம், யானைப் படம் என்று தொழிலாளர் லயத்து ஜனங்கள் வைக்கிற பேர்தான் நிற்கும். சரளாவுக்குப் பன்னிரண்டு வயதில் வந்தது தையல் மிஷின் படம். கறுப்பு வெள்ளை, அப்போதே பழசு. அதில் ஒருத்தி தையல் மிஷின் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுவாள். புருஷன் அடிப்பான். ஒருநாள் தாங்க முடியாமல் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள்.

அன்றைக்கு மழை. படம் ஆரம்பிக்கவே ஒன்பது மணி ஆயிற்று. தோட்டத்தில் பதினொன்றரைக்கு ஜெனரேட்டரை நிறுத்தியாக வேண்டும். விடியற்காலை பெரட்டுக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் வந்து நிற்க வேண்டுமே, துரையின் உத்தரவு அது. கதாநாயகி புருஷன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கையைத் தூக்கிக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. விளக்கு அணைந்துவிட்டது. திடல் முழுக்க ஒரே கூச்சல். "மிச்சத்தை அடுத்த மாசம் போடுவாங்க, போங்க போங்க" என்று கணக்கு எழுதும் கிராணி எல்லாரையும் விரட்டினார். அடுத்த மாதம் யானைப் படம் வந்தது.

படத்துக்கு வர முடியாதவர்களுக்குக் கதை சொல்வது சரளாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, தானாக அமைந்தது. பாட்டு, சண்டை, வசனம் எல்லாம் அப்படியே வரும் அவளுக்கு. அந்தத் தடவை அக்கா அம்மை போட்டு வேப்பிலையில் படுத்திருந்தாள். மறுநாள் சரளா தள்ளி உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

"கதவு தொறந்துச்சி. அப்புறம்?" என்றாள் அக்கா.

அப்புறம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மை போட்டவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "அப்புறம் அவன் அப்படியே நிக்கிறான்க்கா. அவ அரக்குச் சேலை கட்டியிருக்கா. அவன் கண்ணுல தண்ணி. மடார்னு கால்ல விழுந்துட்டான். 'நீ இல்லாத வீட்டுல விளக்கே எரியலே'ங்கிறான். அப்புறம் ரெண்டு பேரும் உள்ள போயி, அவ மிஷின்ல ஒக்காந்து தைக்கிறா. அவன் மிஷினைத் தொடச்சிக் குடுக்குறான். வணக்கம் போட்டுட்டாங்க."

அந்த முடிவு லயத்தில் பரவியது. ஒரு வாரத்தில், திடலில் சரளாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கு அணைந்ததைப் பார்த்தவர்களே, "ஆமாமா, கால்ல விழுந்தான்ல" என்றார்கள். ஒரு வருடத்தில் சரளாவும் அதைப் பார்த்தவளாக ஆகிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்துக் கலாதேவிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சன்னாசி, ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அதற்கும் இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் கலாதேவி பிளாஸ்டிக் பையோடு லயத்துக்குத் திரும்பி வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கோணலாக இருந்தது. அம்மா வீரம்மா அழுதாள், மருந்து கட்டினாள், இரண்டாம் வாரத்திலிருந்து "நாலு பேரு கேக்குறாங்களே" என்று ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு தையல் ஃபேக்டரிக்கு ஆள் எடுத்தார்கள். வேன் தோட்டத்து முச்சந்திவரை வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். கலாதேவி பெயர் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் அம்மா சரளாவைக் கூப்பிட்டு, "நீ சொன்னாதான் அவ கேப்பா. போய்ச் சொல்லு" என்றாள். பதினாறு வயதுச் சரளா சொன்னாள். அறிவுரை சொல்லவில்லை. "அக்கா, தையல் மிஷின் படத்துல அவ திரும்பிப் போனப்பறம்தானே அவன் திருந்தினான்?" என்றாள்.

கலாதேவி, "அந்தக் கடைசிய இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சரளா எழுந்து நின்று, துண்டைச் சேலையாகப் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டி, காலில் விழுந்து, மிஷினைத் துடைத்து, முழுசாக நடித்துக் காட்டினாள். மறுநாள் காலை கலாதேவி அதே பிளாஸ்டிக் பையோடு பஸ் ஏறிவிட்டாள். முச்சந்தியில் வேன் வந்து நின்றபோது ஒரு ஆள் குறைந்தது. அந்த இடத்தில் சரளா ஏறிக்கொண்டாள். அன்றைக்கு ஆரம்பித்த வேலைதான். தையல் ஃபேக்டரி மூடிய பிறகு கையுறைக்கு மாறினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சன்னாசி திருந்தினாரா என்று சரளா கேட்டதில்லை. அக்காவும் சொன்னதில்லை. தீபாவளிக்கு வரும்போது ஒரு வருடம் முன்பல் ஒன்று இல்லை. "பைப்படியில விழுந்துட்டேன்" என்றாள். மணிக்கட்டு கோணலாகவே கூடிப்போயிற்று. சரளா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அக்கா பேரில் ஒரு அர்ச்சனை வைத்தாள்.

இனி இந்த மாதத்துக்கு வருவோம்.

படத்தின் பேர் தெரியாமல் எதைத் தேடுவது? யூடியூப்பில் "தையல் மிஷின் பழைய படம்" என்று போட்டால், ரவிக்கை வெட்டுவது எப்படி என்று நாற்பது பேர் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். தினேஸ்வரி போனில் சிரித்தாள். "அம்மா, ஹீரோ பேராச்சும் தெரியுமா லா?" தெரியாது. தோட்டத்தில் நடிகர் பேர் தெரிந்தவர்கள் ஆண்கள். பெண்களுக்கு 'நல்லவன்', 'அடிக்கிறவன்', 'மாமியாக்காரி' போதும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று சரளா ஒரு பயிற்சிப் புத்தகம் எடுத்துக் கோடு போட்டாள். ஒரு பக்கம் 'படித்தது', மறுபக்கம் 'பார்த்தது'. தேதி, பேர் தெரிந்தால் பேர், இல்லாவிட்டால் லயத்துப் பாணியில் தான் வைத்த பேர், பிறகு ஒரு வரி முடிவு. காலையில் விளக்கேற்றிவிட்டு, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு படம். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் புத்தகம். 'பார்த்தது' பக்கத்தில் இப்படி ஏறியது: கோயில் மணிப் படம், அண்ணன் ஜெயிலுக்குப் போய்விட்டான். கப்பல் படம், எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். இரட்டைப் பிள்ளைப் படம், நல்லவன் செத்துவிட்டான், நியாயம் இல்லை.

புத்தகத்துக்குச் சீனி அண்ணன் இருந்தார். அவர் அந்தத் தோட்டத்துப் பள்ளியில்தான் காவல்காரராக இருந்தவர். கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை விற்று, அங்கே வீட்டு மனைகள் வந்து, பள்ளியையும் வேறு இடத்துக்கு மாற்றியபோது, குப்பைக்குப் போக இருந்த நூலகப் பெட்டிகளை வண்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவரே படிக்கிறவர் இல்லை. "மனசு கேக்கல" என்பார்.

பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "படி தாயி. கரையான் படிச்சது போக மிச்சம்."

சரளா வாய்க்குள் முணுமுணுத்து, கட்டைவிரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தித்தான் படிப்பாள். அப்படியும் பத்து நாளில் ஆறு கதைப் புத்தகம் முடித்தாள். பாதிப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் இல்லை. அதனாலென்ன, பின்னட்டையின் உள்பக்கத்தில் யாராவது முடிவைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றில், 'கெட்டவனைப் பாம்பு கடித்துவிட்டது. கமலா டீச்சராகிவிட்டாள். சுபம்' என்று இருந்தது.

"பாரேன், யாரோ புண்ணியவதி" என்றார் சீனி அண்ணன்.

சரளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என் கையெழுத்துண்ணே இது! அஞ்சாம் வகுப்புல எழுதியிருப்பேன்."

"அப்ப நெசமான முடிவு?"

"யாருக்குத் தெரியும்? பக்கம்தான் இல்லையே."

"நல்ல கூத்து! தோட்டமே ஒன் பாம்பைத்தான் நம்பியிருக்கும்." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சரளாவும் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

பெட்டியின் அடியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன. மெல்லிய தாள், நூல் தைத்தது. பாட்டுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டிருக்கும். பதினான்காம் நாள் அதில் ஒன்றைப் பிரித்தவள் கட்டைவிரலை அப்படியே நிறுத்திவிட்டாள். தையல் வேலை செய்யும் பெண், குடிகாரக் கணவன், பிறந்த வீடு. 'அவள் மீண்டும் அந்த வாசலில் வந்து நின்றாள். கதவு திறந்தது. நடந்தது என்ன? மீதியை வெள்ளித்திரையில் கண்டு களியுங்கள்.'

முன்னட்டையில் படத்தின் பேர் இருந்தது. அதை யூடியூப்பில் போட்டாள். உடனே வந்துவிட்டது, நாற்பது வருடமாக அங்கேயே காத்துக்கொண்டிருந்ததுபோல.

சரளா எழுந்து முகம் கழுவி, திருநாமம் இட்டுக்கொண்டு வந்துதான் உட்கார்ந்தாள். முதல் காட்சியிலிருந்து வசனம் அவளுக்கு முன்கூட்டியே வந்தது. சேர்ந்தே சொன்னாள். அடிக்கிற காட்சியில் கண்ணை மூடிக்கொண்டாள். வாசல் வந்தது. அவள் கையைத் தூக்கினாள். தட்டினாள். கதவு திறந்தது.

விளக்கு அணையவில்லை.

அவன் நின்றான். கண்ணில் தண்ணீர் இல்லை. "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான். கதாநாயகி அவனைத் தாண்டி உள்ளே போனாள். தையல் மிஷின்மேல் கிடந்த அழுக்குத் துணியை எடுத்துக் கீழே போட்டாள். வாசலில் நின்ற மாட்டுவண்டிக்காரனைக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அவன் ஏதோ கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள். நீளமான ரோடு. வணக்கம்.

சரளா பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். எங்கேயாவது காலில் விழுகிறானா என்று பார்த்தாள். வேறு ரீலாக இருக்குமோ, யாராவது வெட்டி ஒட்டியிருப்பார்களோ என்றுகூட நினைத்தாள். அரக்குச் சேலையைத் தேடினாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அரக்கு எங்கேயிருந்து வரும்? அந்த ஒரு நிறத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. அவன் காலில் விழுந்ததைத் தான் பார்த்ததே இல்லை. பின்னட்டையில் எழுதிய பாம்பு மாதிரி, அதையும் தானேதான் எழுதியிருக்கிறோம்.

பயிற்சிப் புத்தகத்தை எடுத்தாள். பழக்கதோஷம். தேதி போட்டு, 'தையல் மிஷின் படம். அவள் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்' என்று எழுதினாள். எழுதிவிட்டு அன்று சாப்பிடவில்லை.

கடைசி சனிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் நூறு தடவை மனசுக்குள் அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். 'அக்கா, அது நான் கட்டினது.' சொன்னால் என்ன ஆகும்? அறுபதை நெருங்குகிறவளுக்கு, படுக்கையில் கிடக்கிறவருக்கு மூத்திரச் சட்டி எடுக்கிறவளுக்கு, 'நீ திரும்பிப் போயிருக்கவே வேண்டாம்' என்று இப்போது சொல்லி என்ன? இது ஒரு நியாயம். சொன்னால் அக்கா தன் முகத்தில் முழிப்பாளா? இது இன்னொரு நியாயம். எது முன்னால் வந்தது என்று சரளாவால் சத்தியம் பண்ண முடியாது.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் பூ கட்டிப் பார்த்தாள். தாளில் வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக மடித்துப் பெருமாள் காலடியில் போட்டாள். வெள்ளை வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் மறைப்பது. கண்ணை மூடி எடுத்தாள். வெள்ளை. சரியாகக் கும்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடி மடித்துப் போட்டாள். வெள்ளை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, இன்னொரு தடவை போட்டாள். சிவப்பு வந்தது. மூன்றாவதுதான் கணக்கு என்று வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கலாதேவி வந்துவிட்டாள். தெலுக் இந்தானில் பஸ் மாறி, கையில் வாழை இலைக் கட்டோடு வந்தாள். வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலில் இறங்கினாள்.

"நீ நவுராதே. கால் ஒடஞ்ச பெருமாள் பக்தை. நான் பாத்துக்குறேன்."

"எல்லாத்தையும் நீயே செய்யணுமாக்கா? லீவு நாள்லகூட?"

"எனக்கேதுடி லீவு? ஒரு சட்டி மாறுது, அவ்ளோதான்."

சக்கரைப் பொங்கல், புளியோதரை, சுண்டல், உளுந்து வடை. கூடத்தில் இலை போடுவதற்காக மேசையை ஒழித்தாள். மாத்திரை டப்பா, கண்ணாடி, பயிற்சிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்தாள். படையல் போட்டுக் கும்பிட்டார்கள். "கோவிந்தா" என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

சாப்பிட்ட பிறகு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "போடு."

படம் ஓடியது. கலாதேவி அசையாமல் பார்த்தாள். அடிக்கிற காட்சியில் சரளா கண்ணை மூடிக்கொண்டாள். கலாதேவி மூடவில்லை. "இப்படி அடிச்சா சத்தம் இப்படி வராது" என்று மட்டும் சொன்னாள்.

வாசல் வந்தது. கை தூக்கினாள். தட்டினாள். கதவு திறந்தது. சரளா பட்டனை அழுத்திவிட்டாள். படம் நின்றது.

"என்னாச்சி?"

"லைன் போச்சுக்கா. இந்தப் பக்கம் அப்பப்ப இப்படித்தான். டேட்டா முடிஞ்சிருக்கும்."

"அட! முடிவு வர்ற நேரத்துலயா? அன்னைக்கு மாதிரியே." கலாதேவி அவளைப் பார்த்தாள். "ஒனக்குத்தான் தெரியுமே. நீ சொல்லு. பழைய மாதிரி சொல்லு."

தப்பிக்க ஒரு நிமிடம் இருந்தது. தண்ணீர் கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். சரளா சொல்ல ஆரம்பித்தாள். கால் கட்டோடு எழுந்து நின்று நடிக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள். "அவன் அப்படியே நிக்கிறான்க்கா. கண்ணுல தண்ணி. மடார்னு கால்ல விழுந்துட்டான்..." நாற்பது வருடப் பழக்கம், தடங்கல் இல்லாமல் வந்தது. மிஷினைத் துடைத்துக் கொடுக்கிறவரை சொல்லி முடித்தாள்.

கலாதேவி முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து அலமாரிக்குப் போனாள். பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, தங்கையின் மடியில் விரித்து வைத்தாள்.

"ஒனக்குக் கையெழுத்து இன்னும் அழகாத்தான்டி இருக்கு."

சரளா அந்த வரியைப் பார்த்தாள். தலையைத் தூக்கவில்லை.

"இலை போடறப்பவே பாத்தேன்" என்றாள் கலாதேவி. குரல் உயரவில்லை. "அதுக்கு முந்தியே தெரியும். பவித்ரனுக்கு மூணு வயசு அப்ப. ஒரு மத்தியானம் டிவியில போட்டாங்க. துணி மடிச்சிக்கிட்டே பாத்தேன். மிஷினை ஏத்திக்கிட்டுப் போறா. மடிச்ச துணியெல்லாம் அப்படியே கெடக்கு. மணியப் பாத்தேன். அவரு ஆலையிலேருந்து வர்ற நேரம். எந்திரிச்சிப் போயி ஒல வச்சேன்."

"அக்கா... ஏன்க்கா அப்பவே எங்கிட்ட..."

"சொல்லி? நீ கதை சொன்னப்ப சின்னப் புள்ள, தெரியாம சொன்னே. அம்மையில கெடந்தவளுக்கு ஆசையா சொன்னே. அதுல எனக்குக் கோவமே இல்ல சரளா. பெருமாள் சத்தியமா இல்ல. நீயே ஒருநாள் பாப்பே, பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லுவேன்னு இருந்தேன். நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊரெல்லாம் பேராச்சே." கோணிய மணிக்கட்டை மறுகையால் பிடித்து விட்டுக்கொண்டாள். "அன்னைக்குச் சின்னப் புள்ள. இன்னைக்கு என்னாடி?"

சரளா பூ கட்டிப் பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவையைச் சொல்ல வேண்டிவருமே என்று மூடிக்கொண்டாள்.

அப்போது கலாதேவியின் போன் அடித்தது. பவித்ரன். பேசிவிட்டு வைத்தாள். "சாப்பிட மாட்டேங்கிறாராம். நான்தான் ஊட்டணுமாம்." அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தாள். சக்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் தப்பாவ் கட்டினாள். சுண்டலைக் கட்டவில்லை, அவருக்கு மெல்ல வராது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"லைன் வந்திருக்கும். போடு மிச்சத்தை. அஞ்சு நிமிசந்தானே."

சரளா அழுத்தினாள். கலாதேவி உட்காரவில்லை. தோளில் பையோடு நின்றே பார்த்தாள். மிஷின் வண்டியில் ஏறியது. அவள் பின்னால் நடந்தாள். நீளமான ரோடு.

"எங்க போறான்னு படத்துலயும் காட்டல பாரு" என்றாள் கலாதேவி. செருப்பைப் போட்டுக்கொண்டாள். "வாரேன். மாத்திரைய மறக்காதே."

கேட் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சரளா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அக்கா முனை திரும்பிவிட்டாள்.

எப்போது வந்து போனாலும், வீடு சேர்ந்ததும் "வந்துட்டேன்டி" என்று போன் பண்ணுவது கலாதேவியின் வழக்கம். ஐந்தரைக்கு வரும் போன். ஆறு மணிக்கு விளக்கேற்றினாள் சரளா. ஏழு மணிவரை போனை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு தானே அடித்தாள். எடுத்தது பவித்ரன்.

"அம்மா வந்துட்டாங்களாப்பா?"

"அப்பவே வந்துட்டாங்களே சின்னம்மா. அப்பாவுக்குப் பொங்கல் ஊட்டிக்கிட்டு இருக்காங்க. கூப்பிடவா?"

"வேணாம்" என்றாள் சரளா.

பின்னால் சன்னாசியின் குரல் கேட்டது. இனிப்புப் போதாது என்று யாரையோ வைதுகொண்டிருந்தார்.